கோபமிருந்தால் கோயிலுக்குப் போ

பண்ருட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸாப்பில் அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் பதில் தட்ட என் விரலுக்கு வராது. பேனாவால் எழுதி, உன் அத்தையை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் போன் பண்ணு.

"அம்மா யாருக்கு என்ன கெடுதல் செஞ்சாங்க? இதுக்கப்புறமும் சாமியை நல்லவன்னு எப்படி மாமா சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாய். திருநீறு பூசுவதை விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். பூசாமல் போனது பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. மனதில் இருந்ததை என்னிடம் கொட்டினாயே, அதுவே எனக்குப் பெரிது. உன் அம்மா எனக்குத் தங்கச்சி. நீ கேட்டதை நானும் கேட்காமல் இருப்பேனா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நோய்க்குக் காரணம் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடு. போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானே கேட்டேன். ஒருவர் முன்வினை என்றார். இன்னொருவர் ஏழரைச் சனி, திருநள்ளாறு போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றார். வாரம் 3 நாள் ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதாம். மூன்றாவது ஆள், தாங்குகிறவர்களுக்குத்தான் ஆண்டவன் கஷ்டத்தைக் கொடுப்பான் என்று ஆறுதல் சொன்னார். மூன்றிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இதுதான். பொறுமைசாலியாக இருந்ததற்கா தண்டனை?

நம் சமயத்தில் வினை என்கிற பேச்சு இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார். ஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் கொடிமாடச்செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது குளிர்காலம் வந்தது. கூட வந்த அடியார்களுக்குக் குளிர்க்காய்ச்சல். இந்த நாட்டின் சுபாவமே இப்படித்தான் என்று அவரிடம் சொன்னார்கள். அப்போது பிறந்ததுதான் திருநீலகண்டப் பதிகம். அதன் முதல் பாட்டே வினைக்கணக்குப் பேசுகிறவர்களைப் பார்த்துத்தான் திரும்புகிறது. அதற்கு இது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, தப்பிக்க வழி தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறைவாகத் தெரியவில்லையா என்று கேட்கிறார் அந்தப் பிள்ளை. பிறகு, நஞ்சை விழுங்கிய கழுத்தின் பேரில் ஆணையிட்டு, பழைய வினை எங்களைத் தொடக்கூடாது என்கிறார். வினை பொய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பெற்றவர்கள் சொல்பேச்சுக் கேளாத பிள்ளையை அடிப்பதுபோல இறைவனின் கோபமும் அருள்தான் என்று எழுதினார். பாடம் நடத்தும்போது நானும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நல்ல நூல். ஆனால் அது தன்னைப் பற்றித் தான் நினைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி. அடுத்தவரின் வலியைப் பார்த்துச் சொன்னால் அது தத்துவம் இல்லை, திமிர்.

தானே புயல் உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். 2011 டிசம்பர் 30, விடியும் நேரத்தில் கரையைக் கடந்தது. காலையில் கதவைத் திறந்தால் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு மல்லாந்து, வேரில் ஒட்டின செம்மண் ஈரத்தோடு இருந்தது. அன்றைக்கும் ஒருவர், ஊரில் பாவம் பெருத்துவிட்டது என்று ஆரம்பித்தார். பிரதோஷம் தவறாதவர் தோப்பும் விழுந்தது, சாராயம் காய்ச்சினவர் தோப்பும் விழுந்தது. காற்று யாருடைய கணக்கையும் புரட்டிப் பார்க்கவில்லை. ஒட்டு முந்திரி சில வருஷத்தில் காய்க்கும். பலா அப்படி இல்லை. உன் தாத்தா, அதன் பழத்தைத் தின்னப்போவதில்லை என்று தெரிந்தே பலாக் கன்று நட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நம்மூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் திருவாமூர். திலகவதியார் பிறந்த ஊர். அப்பர் சுவாமிகளின் அக்கா என்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை ஒருதரம் எண்ணிப் பார். அப்பா புகழனார் இறந்தார். அம்மா மாதினியாரும் கூடவே போனார். நிச்சயம் செய்த கலிப்பகையார் போருக்குப் போனவர் திரும்பவில்லை. இனி இருந்து என்ன என்று உயிரை விடப்போனவரை, தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுது நிறுத்தினான். அந்தத் தம்பிக்காக உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியும் பிறகு வீட்டை விட்டுச் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனான். இத்தனையிலும் அந்த அம்மாள் செய்த குற்றம் என்று சேக்கிழார் ஒன்றையும் சொல்லவில்லை. தம்பிக்குச் சூலை நோய் வந்ததற்குப் புராணத்தில் காரணம் இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அக்கா கதைதான் பெரிது.

அவர் கெடிலக் கரையில் திருவதிகைக் கோயிலுக்கு வந்தார். விடியுமுன் பெருக்கினார், சாணம் கரைத்து மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுக் கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனவர்களைக் கேட்கவில்லை, இருக்கிறவனைக் கேட்டார். கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராவோடு ராவாக அவன் வந்து விழுந்தபோது, எழுந்திரு என்று சொல்லித் திருநீறு கொடுத்தார். துடைப்பத்தையும் மெழுகுத் தோண்டியையும் எடுத்துக்கொண்டு அவனையும் கோயிலுக்கு அழைத்துப்போனார். அங்கே தம்பி பாடினது நான்காம் திருமுறையின் முதல் பதிகம், கொல்லிப் பண். கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டிருப்பாய். கேட்க இதமாக இருக்கும், உள்ளே இருப்பது ஒரு நோயாளியின் முறையீடு. நான் தெரிந்து செய்த கொடுமை என்ன, வயிற்றுக்குள் முறுக்குகிறதே, பார்த்துக்கொண்டு இருக்கிறாயே என்கிற பேச்சு. அப்பர் முதன்முதலில் வாய் திறந்ததே வலி தாங்காமல்தான்.

நீ என்னிடம் எழுதினதும் அதுதான் மாப்பிள்ளை. விலாசம் மட்டும் மாறிவிட்டது. அதைச் சாமிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

இப்போது சுந்தரர். அவர் விஷயத்தில் தப்பு அவர் பக்கம்தான். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். ஆரூர் நினைப்பு வந்தது, கிளம்பிவிட்டார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீ போ என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கண் கேட்டவருக்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. கோபத்தில் அந்தக் கோலை வீசியடித்தார், நந்தியின் கொம்பில் பட்டு உடைந்தது என்பது அந்த ஊர்த் தலபுராணம். அந்த ஊர் இப்போது பூண்டி. ஏரி கட்டினபோது பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது, சாமியைக் கரைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். கொம்பு உடைந்த நந்தி இப்போதும் இருக்கிறது. உனக்குச் சென்னையில் குழாயில் வருகிறதே, அதில் கொஞ்சம் அந்த ஏரித் தண்ணீராகவும் இருக்கும்.

காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது. மற்றதற்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. அங்கே அவர் பாடினதைப் படித்தால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உன் ஆட்கள் இப்படிக் கண்ணில்லாமல் திரியட்டும், நீங்கள் மட்டும் சௌக்கியமாக இருங்கள் என்கிற தொனி. இப்படிப் பேசினவரைக் கோயிலை விட்டுத் தள்ளிவைக்கவில்லை. வன்தொண்டர் என்று பட்டம், தம்பிரான் தோழர் என்று இன்னொரு பட்டம். பாடினதெல்லாம் ஏழாம் திருமுறை. திட்டினதையும் பூசை நேரத்தில் பண்ணோடு பாடுகிற ஊர் இது. சத்தியத்தை மீறினவருக்கே சண்டை போட இவ்வளவு உரிமை இருந்தால், ஒன்றும் செய்யாத உன் அம்மாவுக்கும் உனக்கும் எவ்வளவு இருக்க வேண்டும்?

நான் ஏன் இன்னும் அவனை நல்லவன் என்கிறேன் என்று கேட்டாய். என்னிடம் நிரூபணம் கிடையாது. ஒன்று மட்டும் தோன்றுகிறது. கெட்டவனிடம் போய் யாரும் நியாயம் கேட்பதில்லை. ரௌடி அடித்தால் வலிக்கும், ஓடுவோம், "நீயா இப்படிச் செய்தாய்" என்று கேட்க மாட்டோம். அப்படிக் கேட்பதெல்லாம் நம்பினவனிடம்தான். உன் செய்தியில் அந்தக் கேள்விதான் வரிக்கு வரி இருக்கிறது. அவன் நல்லவனாக இருந்தே தீர வேண்டும் என்று நீ இன்னும் பிடிவாதமாகத்தான் இருக்கிறாய். அந்தப் பிடிவாதத்தை விடாதே. சாதுவாகிவிடாதே. எல்லாம் அவன் செயல் என்று பெருமூச்சு விட்டுவிட்டு அவனிடம் பேச்சையே நிறுத்திவிடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

சுந்தரருக்குக் கண் வந்தது, அதனால் அம்மாவுக்கும் சரியாகிவிடும் என்று எழுதி உன்னை ஏமாற்ற மாட்டேன். திலகவதியாருக்குப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்ப வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் நான் நம்புகிறேன்.

போனவாரம் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஃபிஸ்டுலா போட்ட கையை நீட்டி, தொட்டுப் பாரு அண்ணே என்றாள். தைத்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுகிறது. "பம்புசெட் மாதிரி இல்ல?" என்று சிரிக்கிறாள். தினமும் படுக்குமுன் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாளாம், ஓட்டம் நின்றால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறாள். தண்ணீரைப் பாட்டிலில் அளந்து வைத்துக் குடிக்கிறாள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. பண்ருட்டியில் பிறந்தவளுக்குப் பலாச்சுளையும் முந்திரிப் பருப்பும் கூடாது என்றால் சாமிக்குக் கொஞ்சம் நக்கல்தான். மெஷினில் படுத்திருக்கிற 4 மணி நேரத்தில், டயாலிசிஸ் பையனைச் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு இருக்கிறாள். இதை வைத்து அவன் நல்லவன் என்று சாதிக்க நான் வரவில்லை. நீ சென்னையிலிருந்து வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வராதே, அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூண்டிக்குப் போய்விட்டு வா. சென்னையிலிருந்து அரை நாள் போதும். திருநீறு பூசிக்கொள்ள வேண்டாம், அர்ச்சனைச் சீட்டு வாங்க வேண்டாம். நந்தி பக்கத்தில் நின்று, மனதில் இருப்பதையெல்லாம் அவனிடம் கேட்டுவிட்டு வா. பதில் வராது. சுந்தரருக்கே "போ" என்றுதான் வந்தது.

இனி வேலை விஷயம். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, வேண்டாம். சனிக்கிழமை முறை என்னுடையது, அத்தை செவ்வாய்க்கிழமை கூடப் போவாள், வியாழன் மட்டும் யாராவது பார்க்க வேண்டும். சிறுநீரகம் கொடுக்க நான் தயார் என்று சொன்னேன், சர்க்கரை இருப்பதால் என்னை ஆரம்பத்திலேயே கழித்துவிட்டார்கள். உன் பெரியம்மா பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள். கூடப்பிறந்தவர் என்பதால் சட்டப்படி நெருங்கிய உறவு, அனுமதி வாங்குவது அவ்வளவு கஷ்டம் இருக்காது என்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீதான் எடுத்துக்கொண்டு போய்விட்டாய் போலிருக்கிறது, இங்கே பீரோவில் இல்லை. கூரியரில் அனுப்பாதே, வரும்போது கையோடு கொண்டு வா. ரேஷன் கார்டு நகல் 2 எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் மாமா