வடிவம் மாற்றும் துளி

தாமரை இலைமேல் விழுந்த மழைத்துளி முத்தெனத் திரண்டு உருளும். அதே துளி கண்ணாடித் தட்டில் விழுந்தால் பரந்து ஒட்டிக்கொள்ளும். நீர் ஒன்றே, அது தங்கும் பரப்பே வேறு. ஒட்டாத பரப்பில் துளியின் வளைவு மிகும்; ஒட்டும் பரப்பில் குறையும்.

வளைந்த துளி ஒளியைக் குவிக்கும். எனவே அதுவும் ஒரு வில்லை, அதாவது லென்சு. வளைவு மிகுந்தால் குவியத் தொலைவு குறையும். நம் கண்ணிலுள்ள வில்லையும் தன் வளைவை மாற்றியே கையிலுள்ள நூலையும் தொலைவிலுள்ள மரத்தையும் தெளிவாகக் காட்டுகிறது. ஒளிப்படக் கருவியின் கண்ணாடி வில்லைக்கு இத்திறன் இல்லை; அதனை முன்னும் பின்னும் நகர்த்தவேண்டும். மருத்துவர் உடலினுள் செலுத்தும் மெல்லிய குழாயின் முனையில் அவ்வாறு நகர்த்த இடமேது?

பரப்பை மாற்றாமலே நீரின் ஒட்டும் தன்மையை மாற்ற இயலுமா? மின்சாரத்தால் இயலும். 1875ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் காபிரியேல் லிப்மன், நுண்குழாயில் அமிலத்தைத் தொட்டு நிற்கும் பாதரசத்தின் மட்டம் மின்னழுத்தத்தால் மாறுவதை விளக்கினார். ஆனால் நீர் உலோகத்தை நேரே தொட்டால், மின்னழுத்தம் சற்றுக் கூடியதும் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்கிவிடும். 1993இல் பிரான்சின் புரூனோ பெர்ஜ், உலோகத்தின்மேல் மெல்லிய மின்காப்புப் படலம் இட்டு இத்தடையைக் கடந்தார். ஒரு படலந்தான், அதற்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது!

2000ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளர் ஒருவரும் வெளியிட்ட வில்லையில், எண்ணெய்த்துளி ஒன்றை நீர் சூழ்ந்திருந்தது. எண்ணெய் நீரைவிட மிகுதியாக ஒளியை விலக்கும். மின்னழுத்தம் கூடும்போது நீர் பரப்பில் மேன்மேலும் படரும். எண்ணெய் நடுவே ஒதுங்கிக் குவியும். குறைத்தால் மீண்டும் தாழும். நகரும் திருகோ சக்கரமோ இல்லை.

கருவியைச் சாய்த்தால் எண்ணெய் ஒருபுறம் சரியாதா என்று நீங்கள் கேட்கலாம், நல்ல வினா. இரு நீர்மங்களின் அடர்த்தியும் சமமாக இருக்குமாறு தேர்ந்தெடுப்பதே அதற்கு விடை. அடர்த்தி சமமாயின், புவியீர்ப்பு எதனை முந்தி இழுக்கும்?

பொருள்களின்மேல் உள்ள பார்கோடு படிக்கும் கருவிகளில் இத்தகைய வில்லைகள் இன்று பயன்படுகின்றன. பெட்டி உயரமாயினும் தாழ்வாயினும், நொடிப்பொழுதில் துளி தன் வளைவைத் திருத்திக்கொள்கிறது.

சொற்பொருள்: திரண்டு – உருண்டு கூடி, நீர்மம் – திரவம், மின்காப்புப் படலம் – மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய பூச்சு.

செய்து பார்த்து எழுதுக: செய்தித்தாளின்மேல் நிறமற்ற பிளாஸ்டிக் தாளை விரித்து, சிறு துளி ஒன்றும் பெருந்துளி ஒன்றும் இடுக. எத்துளியின்கீழ் எழுத்து மிகுதியாகப் பெருத்துத் தோன்றுகிறது? காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.