ஆயராக இல்லாத வழிகாட்டி

கேள்வி: கிறிஸ்தவர்களைப் பொதுவாழ்வுக்கு அழைக்கும் ஓர் அமைப்பை ஆயர்தானே வழிநடத்த வேண்டும்?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அப்படிக் கட்டாயமில்லை. எம்.எம். தாமஸ் கேரளத்து மார்த்தோமா சபைக்காரர், குருப்பட்டம் பெறாதவர். 1940களில் குருத்துவப் பணிக்கும் விண்ணப்பித்தார், கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர விரும்பினார். இரண்டு இடத்திலும் ஏற்கவில்லை. சபைக்கு அவருடைய மார்க்சியம் உறுத்தியது. கட்சிக்கு அவருடைய விசுவாசம்.

1957இல் பெங்களூரில் சமயத்தையும் சமூகத்தையும் ஆராயும் கிறிஸ்தவ நிறுவனம் ஒன்று தொடங்கியது. முதல் இயக்குநர், சென்னையில் பிறந்த பி.டி. தேவநந்தன், இந்து சமயத்தை ஆழ்ந்து கற்றவர். புதிய இந்தியாவைக் கட்டுவதில் பிற சமயத்தாரோடு கைகோப்பதும் கிறிஸ்தவனின் கடமை என்பது தேவநந்தன், தாமஸ் இருவரின் உறுதி. 1962இல் தேவநந்தன் மறைந்ததும் பொறுப்பு தாமஸிடம் வந்தது.

நான் அவரை மதிப்பதற்குக் காரணம் அவர் வகித்த பதவிகள் அல்ல. 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபை மன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராக இருந்தார். அது பெரிய பதவிதான். ஆனால் 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது சபைத் தலைவர்கள் பலர் வாய்மூடியிருக்க, அவர் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளையும் சலுகைகளையும் காத்துக்கொண்டால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. எல்லாருடைய உரிமையும் பறிபோவதே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

1990இல் நாகாலாந்து ஆளுநரானார். மத்திய அரசைக் கேட்காமல், முதல்வரின் பரிந்துரைப்படி சட்டமன்றத்தைக் கலைத்ததால் 1992இல் நீக்கப்பட்டார். உங்கள் திருமண்டலத்தில் இப்படிப்பட்டவரைத் தேடுகிறீர்கள் என்றால், தொழிற்சங்கத்திலும் ஊராட்சியிலும் உழைக்கும் சபையாரிடமிருந்து தொடங்குங்கள்.