பூங்காநகர்க் கொள்கையும் நம் மன்னாரும்

பூங்காநகர் என்றதும் நிழல்மரச் சாலைகளும் மலர்ச்செடிகளும் புற்றரைகளுமே பலர் நினைவில் எழும். அக்கொள்கையை வகுத்தவரின் கருத்து அவ்வளவில் அடங்குவதன்று. அது யாது என்பதையும், பிற்கால நகரமைப்பில் அது எவ்வளவு நிலைபெற்றது என்பதையும், நம் ஊர்க்கு அதனால் ஆவது என்ன என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்தவர் எபெனேசர் ஹவார்ட். நெரிசல் மிக்க இலண்டனையும், பிழைப்பின்றி மக்கள் விட்டகன்ற நாட்டுப்புறத்தையும் ஒருங்கே கண்ட அவர், 1898ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இரண்டின் நலன்களையும் இணைக்கும் புதுநகரொன்றை விவரித்தார். அதற்கென அவர் குறித்த நிலம் 6,000 ஏக்கர். நகர் எழுவது அதில் 1,000 ஏக்கரில் மட்டுமே. எஞ்சிய 5,000 ஏக்கரும் வயலும் தோப்பும் மேய்ச்சல் நிலமுமாக நகரைச் சூழ்ந்திருக்கும். குடித்தொகை 32,000ஐ எட்டியதும் நகர் மேலும் பரவாது. அப்பால் வேறொரு நகர் எழும். நிலம் பொதுவுடைமையாய் நிற்க, அதன் வாடகை ஊர்நலனுக்கே செலவாகும். ஆகவே எல்லை, பசுமை வளையம், பொதுநிலம் என்னும் மூன்றுமே இக்கொள்கையின் உயிர்நிலை. மரநிழல் அதன் அணிகலனே.

இவ்வழியில் 1903இல் லெச்வேத்தும் 1920இல் வெல்வினும் எழுந்தன. இரண்டாம் உலகப்போரின் பின்னர் 1946இல் பிரித்தானியா இயற்றிய புதுநகர்ச் சட்டத்திற்கும் இக்கொள்கை வித்தாயிற்று. பிற நாடுகளிலோ பெரும்பாலும் அணிகலனே கொள்ளப்பட்டது, உயிர்நிலை கைவிடப்பட்டது.

நம் தலைநகரையே காண்க. ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்பு நகரமைப்புப் பற்றி அறிக்கை அளித்தார். கீழைநாட்டுப் பூங்காநகர் என்னும் புகழும் கொழும்புக்கு வாய்த்தது. கறுவாத்தோட்டத்து நிழற்சாலைகள் இன்றும் கண்ணுக்கு இனியன. ஆயினும், அதே நகரில் ஏழைமக்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளும் 'தோட்டம்' என்றே வழங்குதல் நகைப்புக்கும் துயருக்கும் உரியது. நகரைச் சூழ்ந்த சதுப்புநிலங்கள் பல மேடாக்கப்பட்டன. நீர் தங்கும் இடம் குறைந்தால் வெள்ளம் மனையை நாடுதல் இயல்பன்றோ?

கெடிஸ் இலங்கைக்கு அறிக்கை எழுதுமுன், 1914, 1915ஆம் ஆண்டுகளிற் சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்தவர். தஞ்சையில் நெரிசலான பகுதியை இடித்து நேர்த்தெருக்கள் அமைப்பதிலும், பழுதானவற்றை மட்டும் அகற்றி ஊரைப் பேணுதலே சாலும் என்றார். கொசுவை ஒழிக்கவெனக் குளங்களைத் தூர்ப்பதை அவர் ஏற்றிலர். தூய்மை செய்து மீன் வளர்த்தாற் போதும் என்பது அவர் துணிபு. நகரமைப்பு அறிஞர் ஒருவர் நம் முன்னோரின் குளத்திலும் கோயில் வீதியிலும் பாடம் கண்டார் என்பது மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

இனி மன்னாரை நோக்குவாம். ஹவார்ட் கோடிட்டு வகுத்த எல்லையை நமக்குக் கடலே வகுத்துள்ளது. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் பெருநிலப்பரப்பு வயல்களே நம் பசுமை வளையம். தீவின் பனந்தோப்புகளும் தரவைகளும் குளங்களுமே நம் பொதுச்செல்வம். மணலின் கீழ் நாம் பெறும் நன்னீர், உவர்நீர்மேல் மழையாற் சேர்ந்து நிற்கும் மெல்லிய படையே. அளவின்றி இறைப்பின் கிணறு உவர்க்கும். தாழ்ந்த நிலங்களை மண்ணிட்டு உயர்த்தி மனைகளாக்கினால், மாரிநீர் அயலார் முற்றத்தை அடையும்.

2009இற் போர் ஓய்ந்தது. 2015இல் தலைமன்னாருக்குப் புகைவண்டி மீண்டது. ஊர் வளர்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. எனினும் வாய்க்காலின் வழி யாது, எந்தக் குளம் தூர்க்கப்படலாகாது, எத்தோப்பு நிலைத்திருத்தல் வேண்டும் என்பவற்றை முதலில் வரைந்து, அதன் பின்னரே மனைகளை அளத்தல் முறை. அளந்தபின் வரைவது பயனற்ற வேலை.

இதனை ஆள்வோர் பொறுப்பென்று நாம் ஒதுங்குதல் தகாது. நிலம் அளப்போர், வரைபடம் தீட்டுவோர், மன்றங்களில் அமர்வோர், மனை வாங்குவோர், விற்போர் ஆகிய எல்லோரும் நம் கல்லூரி போன்ற கல்லூரிகளில் பயின்றவர்களே. இன்று வகுப்பில் இருப்போர் நாளை அவ்விடங்களை நிரப்புவர். மரம் நடுதல் நன்று. அம்மரம் நிற்க நிலமும் நீரும் விட்டுவைத்தல் அதனினும் நன்று.