நற்கருணையும் வரிப்பணமும்

ஒரு கருத்தைச் சொல்பவருக்கு அதனால் ஆதாயம் உண்டு எனக் காட்டிவிட்டால், அக் கருத்தே பொய்யாகிவிடுமா? ஜெர்மனியின் கத்தோலிக்கத் திருச்சபையில் எழுந்த ஒரு வழக்கு இக் கேள்விக்கு நல்ல உரைகல்லாகும்.

கத்தோலிக்கக் கொள்கைப்படி முறையான திருமணம் சாவு வரை அவிழாத முடிச்சு. அரசு நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவர் திருப்பலிக்கு வரலாம், நற்கருணை பெறலாகாது. முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது எனத் திருச்சபை மன்றம் தீர்ப்பளிக்க வேண்டும். இன்றேல் இருவரும் உடன்பிறந்தார் போல் வாழவேண்டும். 1981-ல் போப் இரண்டாம் ஜான் பால் இதனை வலியுறுத்தினார். 2014 பிப்ரவரியில் ஜெர்மானியக் கர்தினால் வால்ட்டர் காஸ்பர், மனம் வருந்தும் சிலருக்கேனும் வழி திறக்கலாகாதா என ரோமில் கேட்டார். இரக்கம் என்றனர் சிலர். பணத்தாசை என்றனர் வேறு சிலர்.

ஐயத்துக்கு அடிப்படை உண்டு. ஜெர்மனியில் கத்தோலிக்கராகப் பதிவு பெற்றோர், தம் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபை வரியாகக் கூடுதலாகச் செலுத்துகின்றனர். அரசே அதைத் தண்டிக் கொடுக்கிறது. 1919-ன் வைமர் அரசியலமைப்பு தந்த உரிமையை 1949-ன் அடிப்படைச் சட்டமும் காத்தது. 2014-ல் கிடைத்த தொகை 500 கோடி யூரோவுக்கும் மேல். வரி வேண்டாதவர் திருச்சபையிலிருந்து விலகுவதாக அரசு அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி விலகியவருக்கு நற்கருணை இல்லை என 2012 செப்டம்பரில் ஆயர்கள் ஆணையிட்டனர். மறுமணம் செய்தவருக்கும் நற்கருணை இல்லை. ஆனால் அவரிடம் வரி மட்டும் பெறப்பட்டது! 2014-ல் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் விலகினர். எஞ்சியோரைப் பிடித்து வைக்கவே இந்த இரக்கம் என்பது குற்றச்சாட்டு.

இதனை எடைபோடுவோம். முதலாவது, 2015 முதல் வங்கிகளே முதலீட்டு வருவாயிலிருந்து இவ் வரியைப் பிடித்தம் செய்யும் என்ற ஏற்பாடு 2014-ல் பலரை விலகத் தூண்டியது. குருக்கள் சிறாருக்கு இழைத்த கொடுமைகளும் பலரை விரட்டின. மறுமணம் செய்தோருக்கு நற்கருணை மறுக்காத புரொட்டஸ்டண்டு சபைகளும் அந் நாட்டில் பெருந்தொகையினரை இழந்துள்ளன. ஆகவே கதவைத் திறப்பதால் கருவூலம் நிரம்பும் என்பது ஐயத்துக்கு உரியது. இரண்டாவது, செல்வம் மிக்க கொலோன் மறைமாவட்டத்தை 2014 வரை ஆண்ட கர்தினால் மெய்ஸ்னர் எதிரணியில் நின்றார். 2016-ல் போப் பிரான்சிஸிடம் ஐயங்களை எழுப்பிய நான்கு கர்தினால்களுள் அவரும் ஒருவர். ஒரே வரிப்பணம் இருவேறு கொள்கைகளைப் பிறப்பித்தது என்பது எங்ஙனம் பொருந்தும்?

2016-ல் வெளிவந்த போப்பின் மடல், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே சீர்தூக்கச் சொன்னது. தனிப்பட்ட சிலருக்கு நற்கருணை தரலாம் என 2017-ல் ஜெர்மானிய ஆயர்கள் அறிவித்தனர்.

ஆதாயம் உண்டா எனக் கேட்பது அறிவுடைமை. ஆனால் அது விசாரணையின் தொடக்கமே, தீர்ப்பன்று. திருமண உறுதியா, மனிதர்பால் இரக்கமா என்பது மறைநூலாலும் அறத்தாலும் முடிவாக வேண்டிய வழக்கு. எனினும் ஆயர்களும் பழியினின்று தப்பார். நற்கருணைக்கு வாயிலில் வரிச்சீட்டைக் காவல் வைத்தவர்கள், பின்னர் உண்மையான இரக்கத்தோடே பேசினாலும் உலகம் நம்பத் தயங்கும். அந்தத் தயக்கத்தின் சுமை ஆயர்மேல் விழுவதைவிட, பீடத்தருகே செல்ல இயலாமல் பின்வரிசையில் அமர்ந்திருந்த மனிதர்மேல்தான் மிகுதியாக விழுந்தது.