ஜபமாலை பெற்ற மருமகனுக்கு

சிரஞ்சீவி சுந்தரத்துக்கு மாமா எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவின் உருத்திராக்ஷ மாலையை அம்மா உன்னிடம் ஒப்படைத்ததையும், விடுதி நண்பர்கள் அதை வாங்கிப் பார்த்து, எத்தனை முகம், என்ன விலை பெறும், நீரில் போட்டால் மூழ்குமா என்று வரிசையாகக் கேட்டதையும் எழுதியிருக்கிறாய். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். மூழ்குவதே மெய்ம்மணி என்பர்; ஆனால் மூழ்குவதும் மிதப்பதும் கொட்டையின் அடர்த்தியையும் அதில் ஊறிய எண்ணெயையும் பொறுத்தவை. நன்றாக உலர்ந்த மெய்ம்மணி மிதக்கவும் கூடும், உள்ளே ஈயம் வைத்த பொய்ம்மணி மூழ்கவும் கூடும். இரண்டு செப்புக் காசுகளுக்கு நடுவே வைத்தால் சுழல்வதே மெய்ம்மணி என்பதும் அப்படித்தான். மேடுபள்ளமான எந்தக் கொட்டையும் அழுத்தினால் ஒரு பக்கம் திரும்பவே செய்யும்.

நேபாளத்தின் கிழக்கு மலைகளில் போஜ்பூர், சங்குவாசபா முதலிய இடங்களிலும், கடல் கடந்து ஜாவாத் தீவிலும் வளரும் ஒரு பெருமரத்தின் பழக்கொட்டையே உருத்திராக்ஷம். நேபாள மணி பெரும்பாலும் பருத்தது, ஜாவா மணி சிறுத்தது. பழுத்த கனி ஆழ்ந்த நீல நிறமாக இருக்கும். அந்த நீலம் சாயத்தால் அமைந்ததன்று, தோலிலுள்ள மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது என்று தாவர நூலார் கண்டிருக்கின்றனர். நீலகண்டனோடு தொடர்புபட்ட கனிக்கு இப்படியொரு நிறம் வாய்த்தது எனக்கு என்றும் வியப்பே. கனியை ஊறவைத்துச் சதையைத் தேய்த்துக் கழித்தால் எஞ்சுவதே மணி. காம்பு நின்ற இடத்திலிருந்து உள்ளே துளை ஓடுவதால், ஊசி புகுவதற்கு இயற்கையே பாதி வழி செய்து வைத்திருக்கிறது.

முகம் என்பது மாயம் ஒன்றுமில்லை. நாரத்தங்காய் சுளை சுளையாகப் பிரிந்திருப்பதுபோல் இக்கொட்டையின் உள்ளும் அறைகள் உண்டு. அறைகள் கூடும் இடத்தில் வெளியே துளைமுதல் அடிவரை ஓடும் கோடுகளைக் கொண்டே முகத்தை எண்ணுகிறோம். மிகுதியாகக் கிடைப்பது ஐந்துமுகம். உன் மாலையும் அதுவே. ஈசானம், தத்புருஷம், அகோரம், வாமதேவம், சத்தியோஜாதம் என்னும் சிவபெருமானுடைய ஐந்து திருமுகங்களை நினைவூட்டும் மணியும், அவன் திருநாமமான ஐந்தெழுத்தை எண்ணுவதற்கு இயல்பாகவே பொருந்தும் மணியும், ஏழையும் வாங்கத்தக்க விலையில் எங்கும் கிடைக்கும் மணியும் ஒன்றாகவே இருப்பதைத் திருவருள் என்றுதான் நான் கருதுகிறேன். அரிதானதற்கு ஆசைப்படுகிறவர்களுக்காகவே, அரத்தால் புதுக்கோடு கீறிய மணிகளும், இரண்டை ஒட்டி, இயல்பாகவே இணைந்து வளர்ந்த கௌரிசங்கரம் என்று சொல்லி விற்கும் மணிகளும் கடைகளில் காத்திருக்கின்றன. உருத்திராக்ஷ ஜாபாலோபநிஷத்து முகங்களின் பலனைக் கூறுவது உண்மையே. ஆனால் நெல்லிக்கனியளவு உத்தமம், இலந்தைக்கனியளவு மத்திமம், கடலையளவு அதமம் என்று அளவையும், புழுவரித்ததும் உடைந்ததும் ஆகாதென்று நலத்தையும் அதே நூல் பேசுகிறது. வாங்குகிறவன் கண்ணால் காணக்கூடியவற்றை அது கூறியிருக்க, நாம் அவற்றை விட்டுவிட்டு விலையை மட்டும் விசாரிக்கிறோம்.

திரிபுர சம்ஹாரத்தின் பொருட்டுச் சிவபெருமான் கண்களை மூடியபோது நிலத்தில் சிந்திய நீர்த்துளிகளே இம்மரமாயின என்பது அவ்வுபநிஷத்து சொல்லும் வரலாறு. அழிக்கத் தக்கவர்களை அழிக்கப் புறப்பட்டவனுக்கே கண் கசிந்தது என்றால், அந்தத் துளியைக் கையில் ஏந்துகிறவன் பகைவனையும் வெறுப்பில்லாமல் நினைக்கப் பழகவேண்டாமா? மாலையின் தத்துவங்களைப் பெரியோர் பலவாறு விரிப்பர். என் சிற்றறிவுக்கு இதுவே தலையாயதாகப் படுகிறது.

மணிகள் நூற்றெட்டு, அவற்றுக்கு அப்பால் தலைமையாக நிற்பது மேரு என்னும் நாயகமணி. அகரம்முதல் க்ஷகரம் ஈறான ஐம்பது அக்ஷரங்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் எண்ணினால் நூறு, வர்க்கங்கள் எட்டு என்று கணக்குச் சொல்வது ஒரு மரபு. இருபத்தேழு நக்ஷத்திரங்களுக்கு நந்நான்கு பாதங்கள் என்பது மற்றொன்று. கவனம் தப்பிய எட்டைக் கழித்து நூறு தேறட்டும் என்பதற்காகவே நூற்றெட்டு என்பாரும் உண்டு; நம்முடைய பலவீனத்தை அறிந்து சொன்ன அவ்விளக்கமே எனக்குப் பிரியமானது. நடுவிரலின்மேல் மாலையைத் தொங்கவிட்டுக் கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளு, சுட்டுவிரல் படவேண்டாம். நாயகமணியை எட்டியதும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு மறுசுற்றைத் தொடங்கு. எண்ணும் பொறுப்பை விரல் ஏற்றுக்கொள்வதால்தான் மனம் நாமத்தில் நிற்க ஓய்வு கிடைக்கிறது. வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, இரண்டும் அடங்கியது மானசம். மானசமே சிறந்தது என்பர். ஆனாலும் தொடக்கத்தில் உபாம்சுவோடு நில். மானசம் என்று உட்கார்ந்து தூங்கிவிடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அணிவதைப் பற்றி: மது மாமிசம் நீத்த ஆசாரமுடையவரே தரிக்கத் தக்கவர் என்று ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் வரையறுத்திருக்கிறார். நகரத்தார் சமூகத்து இல்லங்களில் அறுபதாம் ஆண்டு நிறைவுக்குக் கௌரிசங்கரம் என்னும் உருத்திராக்ஷ மாலை அணிவிப்பதும் இம்மணிக்குரிய மதிப்பைக் காட்டும். நீ அன்றாடம் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகவேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ஜபமாலை வேறு, அணியும் கண்டிகை வேறு என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஜபத்தின்போது கோமுகி என்னும் துணிப்பைக்குள் கையை விட்டு உருட்டினால், விடுதியில் யாருக்கும் காட்சிப்பொருளாகாமல் இருக்கும்.

இனிப் பராமரிப்பு. பிறர் எண்ணாத இந்தப் பகுதியில்தான் தாத்தா மிகுந்த சிரத்தை காட்டினார். வியர்வையும் விபூதியும் மணியின் பள்ளங்களில் இறுகிவிடும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மெல்லிய தூரிகையால் கோடு கோடாகத் துலக்கி, நிழலில் உலர்த்து. சோப்பும் சீயக்காயும் கூடாது; வெயிலில் காயவைத்தால் வெடிப்பு விழும். நன்றாக உலர்ந்தபின் தூரிகை நுனியில் ஒரு துளி நல்லெண்ணெய் தொட்டுத் தடவி, மறுநாள் பருத்தித் துணியால் துடைத்துவிடு. மிகுதியாகத் தடவினால் சிக்கு வாடை ஏறி அழுக்கும் சேரும். புதுமணியைப் பசுநெய்யிலும் பாலிலும் ஊறவைப்பது வழக்கம். பாலைக் கழுவாமல் விட்டால் பூஜை அலமாரியில் எறும்புக்கு விருந்தாகும். துளசி மாலையோ ஸ்படிகமோ உன் கைக்கு வந்தால் இம்முறை செல்லாது. துளசிக் கட்டை நீரில் ஊறக்கூடாது, ஸ்படிகத்துக்கு எண்ணெயே வேண்டாம்.

மணிக்கு மணி முடிச்சு இருந்தால் ஒன்றோடொன்று உரசித் தேயாது. நூல் அறுவதை அபசகுனமென்று அஞ்சாதே. உழைத்த நூல் அறும். நைந்த அடையாளம் தெரிந்தவுடன் மாற்றிவிடுவதே விவேகம். கோக்கும்போது மணியின் தலைப்பக்கத்தோடு தலைப்பக்கமும் அடியோடு அடியும் சேரவேண்டும். உன் மாலையில் நாயகமணிக்கு அடுத்த நான்கைந்து மணிகள் தலைகீழாக இருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். பொங்கலுக்கு வரும்போது மாலையையும் எடுத்து வா. பட்டுநூல் நான் வாங்கி வைக்கிறேன், உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் மாமா