தீச்சுவாலைக்குள் ஒரு பார்வை

அடுப்பில் வாயுச் சுவாலை நீலமாக எரிந்தால் உம்மாவுக்கு நிம்மதி. மஞ்சளாக மாறினால் சட்டியின் அடி கறுத்துவிடும் என்ற கவலை. நிறத்தைக் கண்டு தகனத்தின் தரத்தை அறியும் எளிய முறை இது.

ஆனால் விமான எஞ்சினின் புகைப்போக்கில் எவ்விடத்தில் எவ்வளவு காபனீரொட்சைட்டு உண்டு என்பதைக் கண்ணால் அறிய முடியாது. உள்ளே குழாயை நீட்டி மாதிரி எடுத்தால் அந்த ஓரிடத்து விபரமே கிடைக்கும்; வாயுவோட்டமும் குழம்பும்.

இங்கேதான் லேசர் உதவுகிறது. ஒவ்வொரு வாயு மூலக்கூறும் தனக்கேயுரிய அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும். காபனீரொட்சைட்டு உறிஞ்சும் அலைநீளங்களுள் ஒன்று ஏறத்தாழ 1997 நனோமீற்றர். அவ்வலைநீளமுடைய கற்றை எவ்வளவு மங்கி வெளிவருகிறது என அளந்தால், அதன் பாதையிலிருந்த வாயுவின் மொத்த அளவை மதிப்பிடலாம். பாதையில் எவ்விடத்தில் செறிவு கூடியது என்பதை அந்த ஒரு கற்றை சொல்லாது.

மாணவியரே, கொப்பியில் நான்கு கட்டங்கள் வரையுங்கள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 5. ஒவ்வொரு நிரலின் கூட்டுத்தொகையும் 5. மேலே 1, 4. கீழே 4, 1 என நிரப்பலாம். மேலே 2, 3; கீழே 3, 2 எனவும் நிரப்பலாம். இரண்டும் சரியே! இப்போது, மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 2 என்றால், முதல் விடை மட்டுமே எஞ்சும்.

கட்டங்களிலுள்ள எண்கள் வாயுவின் செறிவுகள். கூட்டுத்தொகைகள் லேசர் அளவீடுகள். புதிய திசையில் சென்ற ஒரு கற்றை ஐயத்தைத் தீர்த்துவிட்டது. கூட்டுத்தொகைகளிலிருந்து உள்ளுருவத்தை மீட்கும் இக்கணிதத்தை 1917 இல் ஒஸ்திரிய நாட்டவரான ஜொஹான் ராடோன் வெளியிட்டார். வைத்தியசாலையின் சீ.ரீ. ஸ்கானுக்கும் இதுவே அடிப்படை.

நோயாளி அசையாதிருப்பார், ஸ்கான் இயந்திரம் சுற்றிச்சுற்றி நூற்றுக்கணக்கான திசைகளில் அளக்கும். புகையோ கணத்துக்குக் கணம் மாறும். எனவே கற்றைகளைச் சுற்றிலும் நிலையாகப் பொருத்தி ஒரே நேரத்தில் அளக்கவேண்டும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் இணைந்து உருவாக்கி, ஸ்பெயினில் நிறுவிய ஒரு தொகுதியில் 6 திசைகளில் 21 வீதம் 126 கற்றைகள் உள்ளன. படத்தை ஆயிரம் கட்டங்களாகப் பிரித்தால், ஆயிரம் தெரியாக் கணியங்களுக்கு 126 சமன்பாடுகளே கிடைக்கும்!

இக்குறையை எவ்வாறு நிவர்த்திக்கலாம்? முதலாவது, கற்றைகளின் எண்ணிக்கையையும் திசைகளையும் கூட்டலாம். இரண்டாவது, ஒரே வாயுவை இரண்டு அலைநீளங்களில் அளந்தால், அவற்றின் விகிதத்திலிருந்து வெப்பநிலையையும் அறியலாம். மூன்றாவது, முன்பே தெரிந்த உண்மைகளைக் கணக்கில் சேர்க்கலாம்: செறிவு மறைப்பெறுமானம் ஆகாது, அயற்கட்டங்களில் அது பெரும்பாலும் படிப்படியாகவே மாறும்.

மூன்றாவது வழியில் அவதானம் தேவை. நாம் ஊகித்ததையே படம் திருப்பிக் காட்டிவிடக்கூடும். ஆகவே, முதலில் பரவல் தெரிந்த ஒரு சுவாலையை அளந்து, படம் உண்மையுடன் பொருந்துகிறதா எனச் சோதிப்பது அவசியம்.

எரிபொருள் எங்கே சரியாக எரியவில்லை என்பது தெரிந்தால்தான் எஞ்சினைத் திருத்தலாம். நாம் சுவாசிக்கும் காற்றின் மாசையும் குறைக்கலாம். கொப்பியின் நான்கு கட்டங்களில் தொடங்கும் கணிதம் அத்தனை தூரம் செல்கிறது.