கையில் ஆஃபர், கண் சீட்டின் மேல்: மே முதல் ஜூலை வரை

கேம்பஸில் கிடைத்த வேலை ஒருபுறம், கேட் மதிப்பெண்ணை நம்பிக் காத்திருக்கும் எம்.டெக். சீட் மறுபுறம். இறுதியாண்டு பொறியியல் மாணவர் பலருக்கு இந்தக் கோடை இப்படித்தான் போகும். ஐ.ஐ.டி. இடங்கள் மே முதல் கோப் (COAP) என்ற பொதுத் தளத்தில் சுற்றுச் சுற்றாக வரும். என்.ஐ.டி.களுக்கான சி.சி.எம்.டி. கலந்தாய்வு ஜூலை வரைகூட இழுக்கும். அதற்குள் கம்பெனி வந்து சேரச் சொல்லிவிடலாம்.

சீட் உறுதியாகும்வரை வேலையை வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் ஆஃபர் லெட்டரைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். சம்பளம் போட்ட பக்கத்தோடு மூடிவைப்பவர்களே அதிகம். எந்தத் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சேரும் தேதி நிச்சயமா அல்லது 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று இருக்கிறதா, பாண்ட் உண்டா, அது கையெழுத்திட்ட நாளிலிருந்தா சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சியில் விலகினால் எத்தனை நாள் நோட்டீஸ் என்பதெல்லாம் பின்பக்கங்களில்தான் இருக்கும்.

'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று சீனியர்கள் சொல்வார்கள். ஆனால் மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுத்துறை வங்கி வழக்கு, எல்லாருக்கும் அப்படியே பொருந்திவிடாது. என்றாலும் அந்தத் தொகையைக் கட்ட வேண்டி வந்தால் வீடு தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சேரும் தேதி இடித்தால் எச்.ஆருக்கு இப்போதே மெயில் போடுங்கள். 'மேற்படிப்பு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். அடுத்த பேட்ச்சில் சேர இயலுமா?' என்ற அளவு போதும். காரணத்துக்காகப் பாட்டியைச் சாகடிக்க வேண்டாம். போனில் 'பார்க்கலாம்' என்று சொன்னால் அது அவகாசம் ஆகாது, மெயிலில் வாங்குங்கள். பிளேஸ்மென்ட் ஆபீசரிடமும் சொல்லிவையுங்கள். ஒருவருக்கு ஓர் ஆஃபர்தான் என்ற விதியுள்ள கல்லூரிகளில் உங்கள் விலகல் அவருக்குத்தான் முதல் தலைவலி.

கோப் தளத்தில் இடம் வந்தால் ஏற்று உறுதிசெய்யலாம், வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், மறுத்துக் காத்திருக்கலாம். குறித்த நேரத்துக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி கெடுவையும் இந்தச் சுற்றுத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இந்த ஆண்டு நினைத்த இடம் வரவில்லையா? கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். வேலையில் சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு அதே மதிப்பெண்ணில் விண்ணப்பிக்கலாம். பிடிக்காத பிரிவில் போய் உட்கார்ந்து, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்காக இரண்டு ஆண்டைக் கழிப்பதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

முடிவு வருமுன் சேரும் நாள் வந்துவிட்டால் போய்ச் சேருங்கள். அசல் டி.சி.யை மட்டும் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள், அட்மிஷனில் அதைக் கேட்பார்கள். பிறகு சீட் கிடைத்தால் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. ராஜினாமா கொடுத்து, லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.